டாக்கர் வால்யூமில் வீட்டுப் பத்திரங்கள்

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் எந்தத் தமிழரிடம் கேட்டாலும் டாக்கர் தெரியும் என்பார். ஒரு ஆப்பை, அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி அது. அந்த ஆப்பின் டேட்டா தங்கும் இடம் வால்யூம். "உங்கள் லேப்டாப்பில் டாக்கர் வால்யூம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, திறந்து காட்டுங்கள்" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். சிலர் உடனே டெர்மினலைத் திறந்து வால்யூம் இன்ஸ்பெக்ட் கமாண்டை ஓட்டுவார்கள். வார், லிப், டாக்கர், வால்யூம்ஸ் என்று ஒரு பாதை வரும். அதைக் காப்பி செய்து அங்கே போகப் பார்த்தால், அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று மேக் சொல்லும். விண்டோஸிலோ அந்த வடிவத்தில் பாதையே கிடையாது. கமாண்ட் சரியாகத்தான் சொல்கிறது. அது சொல்லும் இடம் இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

டெவலப்பர்களுக்கு மட்டும் உரிய விஷயமாக இது இருந்தவரை நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. டெஸ்ட் டேட்டாபேஸ் போனால் இன்னொன்று உருவாக்கிக்கொள்ளலாம். இப்போது நிலைமை வேறு. குடும்பப் புகைப்படங்களுக்கு இம்மிச், காகிதங்களுக்கு பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்று வீட்டு டெஸ்க்டாப்பிலேயே கன்டெய்னரில் ஓட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான், அடுத்தவர் சர்வரில் நம் பத்திரங்களைக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய ஃபைல் நம் வீட்டு மேசை மேலிருக்கும் பெட்டியில் இருந்தும், அதை எங்கே போய் எடுப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு அங்கிள் இருக்கிறார். பொதுத்துறை ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டு விண்டோஸ் டெஸ்க்டாப்பில் டாக்கர் போட்டு, அதில் பேப்பர்லெஸ் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகவே செய்திருந்தாள். அல்சூர் வீட்டின் சேல் டீட், கட்டா எனப்படும் மாநகராட்சிச் சொத்துப் பதிவு, வருஷாவருஷம் கட்டிய வரி ரசீதுகள் எல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தின் பட்டாவும் வில்லங்கச் சான்றும் தமிழில். மூன்று மொழியையும் படிக்கும்படி அமைத்திருந்தாள். ஸ்கேன் செய்த காகிதத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது டெசராக்ட். ஹியூலெட் பேக்கார்டில் 1980களில் தொடங்கிய மென்பொருள் அது. 2005-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. அங்கிள் பிரௌசரில் சர்வே நம்பரைத் தட்டினால் பட்டா வந்து நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு லாக்கர்ல வெச்சிடலாம்னு பாக்கறேன். எந்த டிரைவ்ல இருக்கு? சி-லயும் தேடிட்டேன், டி-லயும் தேடிட்டேன். ஒரு பிடிஎஃப் கூட கிடைக்கல."

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கன்டெய்னர் என்பது லினக்ஸ் கெர்னல், அதாவது அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி, தரும் வசதி. ஒரு புரோகிராமுக்குத் தனி உலகம் மாதிரி ஓர் எல்லை போட்டுக் கொடுக்கும் நேம்ஸ்பேஸ், அது எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சிகுரூப், இரண்டும் கெர்னலுக்குள் இருப்பவை. 2013 மார்ச்சில் பைகான் என்ற பைதான் மொழி மாநாட்டில், டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் அதை முதன்முதலாகப் பொதுவில் காட்டியபோது அது லினக்ஸுக்கான கருவி. மேக்குக்கும் விண்டோஸுக்கும் இன்று டாக்கர் டெஸ்க்டாப் என்று அழைக்கப்படும் ஆப் 2016-இல் வந்தது. அந்த இரண்டிலும் லினக்ஸ் கெர்னல் இல்லாததால், ஒரு சிறிய லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) மறைவாக ஓட்டி, அதற்குள் கன்டெய்னர்களை வைக்கிறது. விண்டோஸில் இப்போது அந்த வேலையை, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 செய்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பிலேயே டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவினாலும் அது விர்ச்சுவல் மெஷினைத்தான் ஓட்டும். வெறும் டாக்கர் என்ஜினை நிறுவியவருக்குத்தான் வால்யூம் நேரடியாக டிஸ்கில் கிடைக்கும், அதுவும் ரூட் அனுமதியோடு.

ஆக, அங்கிளின் பத்திரங்கள் எல்லாம் ஒரே ஒரு பெரிய ஃபைலுக்குள் இருக்கின்றன. விண்டோஸில் அது விஎச்டிஎக்ஸ் என்று முடியும் விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல். பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் டாக்கர் என்ற பெயரின் கீழ் இருக்கும். மேக்கில் டாக்கர் டாட் ரா, அதுவும் லைப்ரரி ஃபோல்டருக்குள் ஆழத்தில். உள்ளே லினக்ஸ் ஃபைல் சிஸ்டம், அதற்குள் வால்யூம்கள், வால்யூமுக்குள் பிடிஎஃப். விண்டோஸின் தேடல் விஎச்டிஎக்ஸுக்கு உள்ளே எட்டிப் பார்க்காது. நான் இதைச் சொன்னதும் அங்கிள், "அப்போ பேங்க் லாக்கர் மாதிரி. சாவி நம்மகிட்ட இருந்தாலும் பேங்க் ஆள் கூட வந்தாத்தான் திறக்கும்" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது. இங்கே பேங்க் ஆள் டாக்கர்தான்.

அந்தப் பெரிய ஃபைலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சி டிரைவ் நிரம்பிவிட்டது, எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்கும் யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். உள்ளே இமேஜ்களை (கன்டெய்னர் உருவாகும் அச்சுகளை) அழித்தாலும் விஎச்டிஎக்ஸ் தானாகச் சுருங்காமல் வீங்கியே நிற்பதுண்டு. ஏதோ தேவையில்லாத குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் அத்தனை வால்யூமும் அதோடு போய்விடும். மேக்கில் இன்னொரு குழப்பம்: டாக்கர் டாட் ரா 64 ஜிபி என்று காட்டினாலும் உண்மையில் அதில் கொஞ்சம்தான் நிரம்பியிருக்கலாம், ஏனென்றால் அது ஸ்பார்ஸ் ஃபைல், எழுதிய பகுதி மட்டுமே டிஸ்கில் இடம் பிடிக்கும். டாக்கர் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் டிஸ்க் அளவைக் குறைத்தால் இடம் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். தற்போதைய அளவுக்குக் கீழே கொண்டுபோனால் மேக்கில் பழைய டிஸ்க் ஃபைலையே நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

சரி, வெளியே எடுப்பது எப்படி?

விண்டோஸில் ஒரு குறுக்கு வழி பலருக்குத் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் டபிள்யூஎஸ்எல் நெட்வொர்க் பாதையைத் தட்டி, டாக்கர் டெஸ்க்டாப்பின் டிஸ்ட்ரோவுக்குள் (அது நிறுவியிருக்கும் லினக்ஸுக்குள்) நுழைந்து, வால்யூம்ஸ் ஃபோல்டர் வரை போகலாம். எட்டிப் பார்க்க நல்லது. ஆனால் அந்தப் பாதை டாக்கரின் உள்வீட்டு ஏற்பாடு. முன்பு டேட்டாவுக்கென்று தனி டிஸ்ட்ரோ இருந்தது. பிறகு புதிய நிறுவல்களில் அது எடுக்கப்பட்டது. பாதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று எழுதிவைத்த குறிப்பு அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு செல்லாமல் போகலாம். அந்த வழியாகப் போய் ஃபைல்களை மாற்றுவதும் சரிப்படாது. கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராம் ஒரு குறிப்பிட்ட யூசர் எண்ணில் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொண்டால், டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அமைந்த இமேஜில் அது 999, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகையில் 70. எக்ஸ்ப்ளோரர் வழியாக நாம் வைக்கும் ஃபைல் வேறு எண்ணுக்குச் சொந்தமாகிவிட்டால், டேட்டாபேஸ் அடுத்த முறை எழும்பாமல் போகலாம்.

டாக்கர் டெஸ்க்டாப்பின் திரையிலேயே வால்யூம்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும். டெர்மினல் பக்கமே போகாதவருக்கு இதுவே சௌகரியம். அங்கிளுக்கு முதலில் இதைத்தான் காட்டினேன். மீடியா என்று முடியும் வால்யூம், அதற்குள் டாக்குமென்ட்ஸ், அதற்குள் ஒரிஜினல்ஸ். பிடிஎஃப்கள் வரிசையாக இருந்தன. பெயரெல்லாம் 0000001, 0000002 என்று இருந்தன. பேப்பர்லெஸ் தானாக வைக்கும் பெயர் அப்படித்தான். எது சேல் டீட், எது வரி ரசீது என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். அங்கிளுக்கு ஃபைல் இருக்கிறது என்ற நிம்மதி வந்தது, ஆனால் இப்படி எடுத்து லாக்கரில் வைத்தால் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

எந்த வால்யூமுக்கும், எந்த சிஸ்டத்திலும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆல்பைன் மாதிரி ஒரு சிறிய இமேஜை எடுத்து, ஒரு தற்காலிகக் கன்டெய்னரை ஓட்ட வேண்டும். அதற்கு மைனஸ் வி ஆப்ஷன் இரண்டு முறை: ஒன்றில் அந்த வால்யூமை, படிக்க மட்டும் என்ற அனுமதியோடு, டேட்டா என்ற பெயரில் இணைக்கிறோம். இன்னொன்றில் விண்டோஸிலோ மேக்கிலோ நாம் நிற்கும் ஃபோல்டரை பேக்கப் என்ற பெயரில் இணைக்கிறோம். உள்ளே டார் கமாண்ட், டேட்டாவில் இருப்பதையெல்லாம் கட்டி பேக்கப்பில் ஒரே ஃபைலாக வைக்கும். வேலை முடிந்ததும் கன்டெய்னர் மறைந்துவிடும். கட்டிய ஃபைல் நம் ஃபோல்டரில் இருக்கும். வால்யூம் எந்த டிஸ்ட்ரோவில், எந்தப் பாதையில் இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பெயர் போதும். 2015 நவம்பரில் டாக்கர் 1.9-இல் வால்யூமுக்கென்று தனிக் கமாண்ட் வந்ததிலிருந்து அந்தப் பெயர்தான் நமக்கும் டாக்கருக்கும் இடையிலான ஒப்பந்தம். யூசர் எண்களும் அனுமதிகளும் டாருக்குள் அப்படியே பத்திரமாக இருக்கும். திருப்பிப் போடும்போது அதே மாதிரி இன்னொரு தற்காலிகக் கன்டெய்னர், இந்த முறை எழுதும் அனுமதியோடு.

இதில் பெயரை ஒரு எழுத்து தவறாகத் தட்டினால் டாக்கர் கண்டிக்காது. அந்தப் பெயரில் ஒரு புதிய காலி வால்யூமை உண்டாக்கி, அந்தக் காலியைக் கட்டிக் கொடுக்கும். ஃபைல் உருவானதைப் பார்த்துத் திருப்தியடைந்து மூடிவிடக் கூடாது. டார் ஃபைலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

டாக்கர் சிபி என்ற கமாண்டும் உண்டு. நின்றுபோன கன்டெய்னரிலிருந்தும் அது ஃபைல் எடுத்துக் கொடுக்கும். ஒன்றிரண்டு ஃபைலுக்கு அது போதும்.

டேட்டாபேஸ் விஷயத்தில் மட்டும் டார் கட்டுவதை நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் ஃபைல்கள் மாட்டிக்கொள்ளலாம். நிறுத்திவிட்டுக் கட்டினாலும், அந்த ஃபோல்டர் ஒரே பெரிய வெர்ஷனுக்குத்தான் பொருந்தும். 15-இல் எழுதியதை 16 திறக்க மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் 18-இன் அதிகாரப்பூர்வ இமேஜில் வால்யூமை இணைக்க வேண்டிய இடமே மாறியிருக்கிறது. எந்த இமேஜ், எந்த வால்யூம் என்று எழுதிவைக்கும் பழைய கம்போஸ் ஃபைலில் எண்ணை மட்டும் 18 என்று மாற்றிவிட்டு டேட்டா எங்கே என்று தேடுவது வீண். போஸ்ட்கிரெஸின் சொந்த பேக்கப் கமாண்டான பிஜி டம்ப் மூலம் எடுத்து வைத்தால் வெர்ஷன் மாறினாலும் திருப்பிப் போடலாம்.

அதனால் அங்கிளின் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது பேப்பர்லெஸ் தரும் டாக்குமென்ட் எக்ஸ்போர்ட்டர். கம்போஸ் ஃபைலில் எக்ஸ்போர்ட் என்ற சாதாரண விண்டோஸ் ஃபோல்டர் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கமாண்டை ஓட்டினால் ஒவ்வொரு ஆவணமும் தேதியும் தலைப்பும் சேர்ந்த பெயரோடு அந்த ஃபோல்டருக்கு வரும். கூடவே மேனிஃபெஸ்ட் என்று ஒரு ஜேசன் ஃபைல். குறிச்சொற்கள், யாரிடமிருந்து வந்த காகிதம் என்ற விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, தன் வீட்டு சேல் டீடை அதன் பெயரோடு பார்த்ததும் அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய அப்பா வாங்கிய நிலத்தின் பழைய கையெழுத்துப் பத்திரத்தில் வெகுநேரம் நின்றார்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப் 8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'க' என்றால் 3. 'கி' என்றால் மெய்யுருவும் குறியும் சேர்ந்து 6. ஆகவே சுமார் 85 குறியீடுகளில், அதாவது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்பின்னான எழுத்துகளில், பெயர் முடிந்துவிடும். விண்டோஸின் கணக்கு வேறு; அங்கே இந்த நீளம் தொல்லை தராது. விண்டோஸில் நன்றாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் கன்டெய்னருக்குள் போகும்போது மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். சர்வே நம்பர், ஊர், வருஷம் என்று பெயரைச் சின்னதாக வைத்துக்கொண்டு மற்ற விவரங்களை உள்ளே குறிச்சொல்லாகப் போடுவது நல்லது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் விண்டோஸ் ஃபோல்டரிலேயே நேரடியாக வைத்துவிடலாமே, வால்யூம் எதற்கு என்று கேட்கலாம். அதைப் பைண்ட் மவுண்ட் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும், காப்பி செய்யலாம், எல்லாம் சரி. ஆனால் விர்ச்சுவல் மெஷினின் எல்லையைத் தாண்டி ஒவ்வொரு ஃபைலையும் படிக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். டேட்டாபேஸ் மாதிரி நிமிஷத்துக்கு நூறு முறை எழுதுகிற புரோகிராமுக்கு அது ஒத்துவராது. போஸ்ட்கிரெஸ் தன் ஃபோல்டரின் உரிமையும் அனுமதியும் சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். விண்டோஸ் டிரைவில் அந்த லினக்ஸ் அனுமதிகள் அதே மாதிரி கிடையாது. இன்னொன்று: விண்டோஸ் ஃபோல்டரில் புது ஃபைல் விழுந்த செய்தி லினக்ஸ் பக்கம் தானாகப் போய்ச் சேராது. ஸ்கேன் செய்து கன்ஸ்யூம் ஃபோல்டரில் போட்டும் பேப்பர்லெஸ் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், அவ்வப்போது தானே போய்ப் பார்க்கச் சொல்லும் போலிங் அமைப்பை இயக்க வேண்டும். என் கணக்கு இதுதான்: டேட்டாபேஸ் வால்யூமில் இருக்கட்டும், மனிதர் கையால் எடுக்க வேண்டிய பத்திரமும் படமும் குறித்த கால இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டருக்கு வந்துவிடட்டும்.

வால்யூம் காணாமல் போனதாகப் பதறுகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒன்றும் போயிருக்காது. டாக்கர் கம்போஸ் வால்யூமின் பெயருக்கு முன்னால் புராஜெக்ட் பெயரை ஒட்டும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஃபோல்டரின் பெயரே புராஜெக்ட் பெயர். ஃபோல்டரைப் பெயர் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் புதிய பெயரில் காலி வால்யூம் உண்டாகி, ஆப் புதிதாக நிறுவியது போல் வெறுமையாக நிற்கும். பழையது பழைய பெயரில் அப்படியே இருக்கும். வால்யூம் எல்எஸ் கமாண்டைப் பார்த்தால் இரண்டும் தெரியும். பெயருக்குப் பதிலாக 64 எழுத்தும் எண்ணுமாக நீளும் வால்யூம்கள் தெரிந்தால் அவை பெயரில்லாதவை. கம்போஸ் ஃபைலில் யாரும் பெயர் வைக்காததால் டாக்கரே வைத்தது. முக்கியமான டேட்டா அதில் இருந்தால் உடனே பெயருள்ள வால்யூமுக்கு மாற்றுங்கள். முடிந்ததும் தானாக நீங்கச் சொல்லும் ஆர்எம் ஆப்ஷனோடு ஓட்டிய கன்டெய்னர் போகும்போது தன் பெயரில்லாத வால்யூமையும் கூட்டிக்கொண்டு போகும்.

உண்மையிலேயே அழிப்பவையும் உண்டு. கம்போஸ் டவுன் என்றால் கன்டெய்னரும் அதன் நெட்வொர்க்கும் போகும், வால்யூம் இருக்கும். அதே கமாண்டோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூமும் போகும். ரன் கமாண்டில் இணைக்கிற அதே மைனஸ் வி, டவுன் கமாண்டில் அழிக்கிறது. இப்படி அமைத்தது தவறு என்றே நான் கருதுகிறேன். பயன்பாட்டில் இல்லாதவற்றைக் களையும் வால்யூம் புரூன் கமாண்ட் டாக்கர் 23 வெர்ஷனிலிருந்து பெயரில்லாத வால்யூம்களை மட்டும் நீக்குகிறது. முன்பு பயன்பாட்டில் இல்லாத எல்லாவற்றையும் நீக்கியது. ஃபேக்டரி ரீசெட் பொத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2021 ஆகஸ்டில் டாக்கர் டெஸ்க்டாப்பின் உரிம விதி மாறியது. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும், அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த டெவலப்பர்களில் பலர் அதற்குப் பிறகுதான் பாட்மேன், கோலிமா, ராஞ்சர் டெஸ்க்டாப் என்ற மாற்று ஆப்களுக்கு மாறினார்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு இன்றும் பணம் கிடையாது. மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இமேஜை எங்கிருந்தும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், வால்யூம் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆப்பும் தனி விர்ச்சுவல் டிஸ்க் வைத்திருக்கிறது. பழையதை அன்இன்ஸ்டால் செய்யும் முன் வால்யூம்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேக்கில் ஆர்ப்ஸ்டாக் என்ற இன்னொரு மாற்று ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வால்யூம்கள் ஃபைண்டரிலேயே ஃபோல்டராகத் தெரியும். எல்லா ஆப்பும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். லினக்ஸில் ரூட் இல்லாமல் ஓட்டும் பாட்மேன் வால்யூமை நம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிறது. அங்கே ஃபைல்களின் உரிமையாளர் எண் விசித்திரமாக இருக்கும். பாட்மேன் அன்ஷேர் மூலம் நுழைந்தால் சரியாகத் தெரியும்.

அங்கிள் வீட்டில் இன்னொரு வேலை மிச்சமிருந்தது. எக்ஸ்போர்ட் ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் வைத்தால் பத்திரங்களைப் படிக்கலாம், ஆனால் தேடும் வசதியோடு மறுபடி நிறுவ அது போதாது. கம்போஸ் ஃபைலும் அதோடு வரும், அமைப்புகளை வைத்திருக்கும் என்வ் ஃபைலும் எந்த வால்யூமிலும் இல்லை, இமேஜிலும் இல்லை. மகளை வீடியோ காலில் கூப்பிட்டோம். அவை இருக்கும் ஃபோல்டரை அவள் காட்டினாள், பேப்பர்லெஸ் வெர்ஷன் எண்ணையும் சொன்னாள். திருப்பிப் போடும்போது அதே வெர்ஷனில் போடுவது பாதுகாப்பு. என் லேப்டாப்பில் காலியாக ஒரு பேப்பர்லெஸ்ஸை நிறுவி, பென் டிரைவிலிருந்து டாக்குமென்ட் இம்போர்ட்டரை ஓட்டினோம். முடிந்ததும் அங்கிள் சர்வே நம்பரைத் தட்டினார், பட்டா வந்தது. வெர்ஷன் எண்ணையும் எக்ஸ்போர்ட் கமாண்டையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, பென் டிரைவோடு சேர்த்து உறையில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் பேங்குக்குப் போறேன் தம்பி. இன்னொரு பென் டிரைவும் வாங்கி, அதை ஊர்ல தம்பி வீட்ல வெச்சிடறேன்" என்றார்.